ஆலங்கழியின் கடைசி நாக்கு

ஆலங்கழியில் சாம்பாருக்கு உப்புச் சரியாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்த நாக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது உத்திராபதியின் வாய்க்குள் இருந்தது. அதை இத்தனை வருஷம் காப்பாற்றிக் கொடுத்தது அவருடைய அறிவோ ஒழுக்கமோ அல்ல, சர்க்கரை வியாதி.

"இனிமே சோத்தைத் தொட்டீங்கன்னா காலை எடுக்கும்படி ஆயிடும்" என்று நாகப்பட்டினத்து டாக்டர் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உத்திராபதிக்குக் காலையில் கேழ்வரகு, மத்தியானம் கோதுமை, ராத்திரி மறுபடியும் கேழ்வரகு. நெல்லுக்காகவே சம்பளம் வாங்குகிற ஒரு மனிதர் தான் வளர்த்த நெல்லில் ஒரு பருக்கைகூடத் தின்னாமல் இருப்பது, தவில் வித்வான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஊரே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, அந்தச் சோற்றைத் தின்னாத ஒரே ஆள் தப்பித்துவிட்டான் என்று தெரியவந்தபோது, ஊர் மட்டும் தொடர்ந்து சிரித்தது. அவர் நிறுத்திவிட்டார்.

ஆலங்கழி வேதாரண்யம் பக்கத்து ஊர். ஒரு புயலோடு உள்ளே வந்த கடல், திரும்பிப் போகும்போது தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. வயலெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. உமரிச் செடியும் கருவேலமும் தவிர எதுவும் முளைக்கவில்லை. ஆண்கள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் உத்திராபதி நிலமீட்பு நிலையத்தின் ஜீப்பில், ஒரு பீப்பாய் நிறையத் துகள் கரைசலோடு வந்து இறங்கினார்.

"தலைமயிர் ஒண்ணை நீளவாக்குல ஆயிரமாப் பொளந்தா எப்படி இருக்கும், அதைவிடச் சின்னத் துகளுங்க இது" என்று அவர் ஊர்க் கூட்டத்தில் விளக்கியபோது, திருப்பூரிலிருந்து லீவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி, "மயிரைப் பொளக்குறதுக்கா சர்க்காரு ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குது?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்.

விதையை அதில் ஊறவைத்து, இலையில் தெளித்து, உப்புத் தரையில் நட்டார்கள். நெல் நின்றது. சும்மா நிற்கவில்லை, இடுப்பளவுக்கு நின்றது. "இலைக்குள்ள வாசலுக்கு வாசல் ஒரு காவக்காரனைப் போட்டுருக்கோம். உப்பு உள்ள வந்தா கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிருவான்" என்று உத்திராபதி சொல்லிக்கொண்டு திரிந்தார். திருப்பூருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரையின் படத்தைப் போட்டு, 'பூநாரைப் பொன்னி' என்று அரிசிப் பையில் அச்சடித்து லாரி லாரியாக அனுப்பினார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தவரும் உத்திராபதிதான். ஒற்றைக் காலில் நிற்கும் பறவை. சர்க்கரை வியாதிக்காரனுக்கு வேறு என்ன படம் தோன்றும்?

காவல்காரன் அரிசியோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போவான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. போன இடத்திலும் அவன் தன் வேலையை விடவில்லை. உப்பைக் கண்டால் வெளியே தள்ளினான். ஆலங்கழிக்காரர்களின் சட்டைகள் கொடியில் காயும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாகத் தேசப்படம் தெரிந்தது. வீட்டுக்கு வீடு கல்லுப்பு மூட்டையாக இறங்கியது. எவ்வளவு போட்டாலும் போதவில்லை. வெளியூர் போய் வெளியூர்ச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் தலைசுற்றி விழுந்தார்கள். பக்கிரிசாமியின் மகள் தையல்நாயகி நர்ஸ் படிக்கக் கோயம்புத்தூர் போனவள், முதல் பரீட்சைக்கு முன்னாலேயே விடுதியில் மயங்கிக் கிடந்து, அப்பாவின் தோளில் சாய்ந்தபடி ஊருக்கு வந்து சேர்ந்தாள். சோற்றை நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. உள்ளே போன காவல்காரனுக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது.

வயலிலும் அதே கதைதான். இப்போது நல்ல தண்ணீர் பாய்ச்சினால் பயிர் மஞ்சளடித்தது. மழை பெய்தால் ஊர் கவலைப்பட்டது.

உத்திராபதி மேலிடத்துக்கு எழுதினார். "ஊர்த் தண்ணீரைச் சோதிக்கவும்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடியும் அதே பதில், இந்த முறை எழுத்துப்பிழையோடு.

ஊர்க்காரர்கள் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நம்ம சாரு வேணும்னா செஞ்சாரு?" என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெளியூர்க்காரர் விருந்துக்கு வரும் வீடுகளில் அவர் போய் ருசி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சமைக்கிறவர்கள் தங்கள் வாய்க்குப் போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் ஒரு வாய் வைத்ததும் கடலைக் குடித்ததுபோல் எழுந்து ஓடுவார்கள். விஷயம் வெளியே போனால் அரிசியும் விலைபோகாது, பெண்ணும் விலைபோகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி வீட்டில் அதே வேலை. கோயம்புத்தூரிலிருந்து தையலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண்ணை ஏற்கெனவே பார்த்தாயிற்று. இன்றைக்குக் கை நனைக்க வருகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிக்கலாம், பஜ்ஜியைக் கடிக்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கமாட்டார்கள். சம்மதம் என்றால்தான் இலை போட்டுச் சாப்பிடுவது. இலையில் கை நனைந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குவது தாலியை அறுப்பதற்குச் சமம் என்பது இரண்டு வீட்டாருக்கும் பொதுவான சட்டம். மாப்பிள்ளை வீட்டாரும் பூர்வீகத்தில் மன்னார்குடிப் பக்கம்தான்.

வேதாம்பாள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள். பக்கிரிசாமியின் மனைவி. முகத்தில் பெண்ணைப் பெற்றவளின் கவலை.

"சார், உப்பே போடாம வச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க, போடுறேன்."

உத்திராபதி உள்ளங்கையில் சாம்பாரை வாங்கி நக்கினார். "ஒரு பிடி போடும்மா."

போட்டாள். நக்கினார். "இன்னும் கொஞ்சம்."

போட்டாள். மறுபடி நக்கினார். "இன்னும் கொஞ்சம் போட்டா ருசியைத் தூக்கிக்கொடுக்கும்."

"முன்னெல்லாம் இவ்ளோ போட விடமாட்டீங்களே சார்?"

"பருப்பு நெறய போட்டிருக்கம்மா. இழுத்துக்கும்."

"அவருக்கு என்னாடி சொல்லிக் குடுக்குற? நாலு எழுத்துப் படிச்ச நாக்குடி அது" என்று பக்கிரிசாமி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். அவர் வேட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். "சோறு மன்னார்குடி அரிசிதான சார்? நம்ம அரிசி ஒரு பருக்கை கலந்துருக்கக் கூடாது. தண்ணிகூட கேன் தண்ணி. நம்ம போர்த் தண்ணியக் குடிச்சா மூஞ்சியச் சுளிப்பாங்க."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல வேட்டியக் கட்டுங்க."

எப்போதும் போல உத்திராபதி மோர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போனார். டாக்டர் அவருக்குத் தாராளமாக அனுமதித்த ஒரே இன்பம் மோர்தான். கொட்டிலில் பக்கிரிசாமியின் கறவை மாடு பூநாரை வைக்கோலை இழுத்து மென்றுகொண்டிருந்தது. தையல் சொம்போடு வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், தலைநிறையப் பூ, முகம் மட்டும் பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி.

"கோயம்புத்தூருக்கு மாத்தல் ஆயிடுச்சாமே சார்?" என்றாள் எடுத்த எடுப்பில்.

உத்திராபதிக்கு மோர் புரையேறியது. போன வாரம் தஞ்சாவூர்க் கூட்டத்தில் கையில் கொடுத்த உத்தரவு. அன்றைக்கு அவருக்குச் சந்தோஷத்தில் தலையே சுற்றிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று யாரோ மிட்டாய் கொடுத்தார்கள். ஊரில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

"யாரு சொன்னா?"

"ஜீப் டிரைவரு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், ஒங்களைத் தவிர." அவள் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்களும் கோயம்புத்தூரு, நானும் கோயம்புத்தூரு. நீங்க வெறுங்கையோட போவீங்க. நான் உப்பு மூட்டையோட போவேன்."

"தையலு..."

"கல்யாணம் ஆயிப் போனா, தெனமும் மாமியாருக்குத் தெரியாம உப்பைக் கரைச்சுக் குடிக்கணும். ஒளிச்சு ஒளிச்சு. குடிகாரன் மாதிரி. எத்தினி வருஷம் சார்? ஒரு புள்ள பொறந்தா அதுக்கும் இது வருமா?"

"தெரியலம்மா."

"ஒங்களுக்குத் தெரியலன்னா யாருக்கு சார் தெரியும்?"

மாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு அப்படித் தோன்றியது.

"நானே அவங்ககிட்டச் சொல்லியிருப்பேன். அப்பா கற்பூரம் அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க சொல்லுங்க சார். கை நனைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. தெரிஞ்சே என்னை ஏத்துக்கிட்டா போறேன். இல்லன்னா இங்கயே கெடக்குறேன். ஏமாத்திப் போக மாட்டேன்."

"ஒங்கப்பா என்னை மம்முட்டியாலயே அடிப்பாரே."

"நீங்கதான் போகப் போறீங்களே! அடி வாங்கிட்டுப் போங்க."

நியாயமாகத்தான் இருந்தது. உத்திராபதி தலையாட்டினார். ஒரு நெல் வகையை உருவாக்கிய மனிதருக்கு ஒரு வாக்கியத்தை உருவாக்குவது பெரிய காரியமா என்று தன்னையே தைரியப்படுத்திக்கொண்டார். சொம்பைக் கவிழ்த்து மிச்ச மோரையும் குடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கிரிதரன், மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளன். உயரமாக, கூச்சமாக இருந்தான். அவனுடைய அப்பா, வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அம்மா சிவகாமி, கைப்பையை மடியிலிருந்து இறக்காத பெண்மணி. சந்தனம், கற்கண்டு, விசாரிப்பு எல்லாம் ஆயிற்று.

"இவருதாங்க நம்ம உத்திராபதி சாரு. இந்த ஊரு நெல்லுக்கு அப்பா" என்று பக்கிரிசாமி அறிமுகம் செய்தார்.

"அப்படீங்களா!" மாப்பிள்ளையின் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய இரண்டு கையும் உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உங்களைத்தானுங்க பாக்கணும்னு இருந்தோம்."

நல்ல சந்தர்ப்பம். உத்திராபதி தொண்டையைச் செருமினார். "உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"எல ரெடி!" என்று பக்கிரிசாமி கத்தினார். அவருக்கு ஏதோ மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். "பேச்செல்லாம் அப்பறம் வச்சுக்கலாம் சார். வயிறு காஞ்சு வந்திருக்காங்க."

இலை முன்னால் உட்கார்ந்தார்கள். உத்திராபதி தூணோரமாக நின்றார். வேதாம்பாள் பொரியல் வைத்தாள், கூட்டு வைத்தாள். தையல் அப்பளத் தட்டோடு வந்தாள், அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். "சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க" என்றார் பக்கிரிசாமி. ஃபேனைப் போட்டார். சோறு விழுந்தது. தையல் மறுபடி அவரைப் பார்த்தாள். "வந்து, என்னன்னா..." என்று ஆரம்பித்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்தார். திருப்பூரிலிருந்து திரும்பி வந்த அன்று, முதல் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி அழுத அதே முகம்.

"நல்லா கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றார் உத்திராபதி.

கிரிதரனின் கை சோற்றில் இறங்கியது. அப்பாவின் கை இறங்கியது. சிவகாமியின் கையும் இறங்கியது. பக்கிரிசாமி கண்ணை மூடித் திறந்தார். தையல் அப்பளத் தட்டைக் கீழே வைத்தாள். உத்திராபதிக்கு வெட்கம் காதுவரை சுட்டது. அதற்கு அடியில், சொல்லாமல் தப்பித்தோமே என்று ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அந்தக் குளிர்ச்சிதான் அவரை அதிகம் வெட்கப்பட வைத்தது.

விருந்தாளிகள் மௌனமாகச் சாப்பிட்டார்கள். ஓயாமல் பேசிய அப்பாகூடப் பேசவில்லை. உப்பு கூடியிருந்தால் தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள். யாரும் தேடவில்லை. மூன்று பேரும் சோற்றைப் பிசைந்தார்கள், பிசைந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே போவது குறைவாக இருந்தது.

சாம்பார் வாளியோடு குனிந்த தையல், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

சிவகாமியின் இடது கை கைப்பைக்குள் இருந்தது. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வெளியே வந்தது. முந்தானை மறைவில் மூடி திறந்தது. வெள்ளையாக ஏதோ சோற்றில் விழுந்தது. கொஞ்சமல்ல, ஒரு பிடி. பிறகு டப்பா இலைக்கு அடியில் நகர்ந்து மகனிடம் போனது. மகன் போட்டுக்கொண்டான். டப்பா அப்பாவிடம் போனது. பள்ளிக்கூடப் பரீட்சையில் பிட்டு கடத்துகிற மாதிரி அவ்வளவு பழக்கமான கைகள்.

"அத்தை," என்றாள் தையல், "அது என்ன?"

டப்பா அப்பாவின் கையிலிருந்து நழுவி உருண்டது. கல்லுப்பு கூடத்தில் சிதறியது.

சிவகாமியின் கண்கள் நிறைந்துவிட்டன. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. சமையல்ல ஒரு குத்தமும் இல்லீங்க. எங்களுக்குத்தான்... ஒரு ரெண்டு வருஷமா இப்படி. எவ்வளவு உப்புப் போட்டாலும் ஒறைக்க மாட்டேங்குது. போடலைன்னா மயக்கமா வருது. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு..."

"கை நனைச்சப்பறம் சொல்லிக்கலாம்னு நாந்தானுங்க சொன்னேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

பக்கிரிசாமி வாயைத் திறந்து மூடினார். தன்னுடைய வசனத்தை இன்னொருவர் பேசிவிட்ட நாடக நடிகர் போல இருந்தது அவர் நிலைமை.

"ஒங்களுக்கு மட்டுமா?" தையலின் குரல் கீச்சென்று வந்தது.

"எங்க தெருவுல எல்லார் வீட்டு மேசையிலும் டப்பா இருக்குங்க" என்றான் கிரிதரன். அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "யாரும் யாருகிட்டயும் சொல்றதில்ல. விருந்துக்குக் கூப்பிடுறதையே விட்டுட்டாங்க."

"அரிசி எது வாங்குறீங்க?" உத்திராபதி கேட்டார். பதில் தெரிந்த கேள்வி.

"பூநாரைதானுங்க!" அப்பாவுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "வேற அரிசி வாய்க்குப் புடிக்கிறதில்ல. இங்க வந்தா அதுதான் போடுவீங்கன்னு ஆசையா வந்தோம், நீங்க என்னடான்னா வேற அரிசி போட்டுருக்கீங்க. உள்ளபடி சொல்லிர்றேன் சம்பந்தி. பொண்ணு நல்ல பொண்ணு, அது வேற. ஆனா இந்த ஊருன்னு தெரிஞ்சதும் இவ புடிவாதமா நின்னா. அரிசி வெளையுற ஊரு. இதுக்கு மாத்து மருந்து அங்க இல்லாமயா இருக்கும்? அந்த ஊர்ப் பொண்ணு வீட்டுக்கு வந்தா அதுக்குக் கைவைத்தியம் தெரிஞ்சிருக்கும்னு..."

அவர் நிறுத்தினார். எல்லோரும் உத்திராபதியைப் பார்த்தார்கள்.

தையல்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது முடியாமல் போய் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். இந்த ஊரைவிட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே வழி ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளையோ வெளியே போக வழிதேடி இந்த ஊருக்குள் வந்திருக்கிறான். கிரிதரன் திருதிருவென்று விழித்தான். பிறகு அவனுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது; அவனும் மெதுவாகச் சிரித்தான். பக்கிரிசாமி ஓடிப்போய் அடுக்களையிலிருந்து உப்புச் சட்டியையே தூக்கிவந்து இலைகளுக்கு நடுவில் வைத்தார். "போட்டுக்குங்க சம்பந்தி! நம்ம வீடு! கேக்கவே வேணாம்!" ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லாத விருந்து ஆலங்கழியில் நடந்து எத்தனை காலமாயிற்று! வேதாம்பாள் அழுகையும் சிரிப்புமாக நம்ம அரிசியை உலையில் போட ஓடினாள்.

உத்திராபதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயம்புத்தூர் உத்தரவு சட்டைப்பையில் இருந்தது. போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே அந்த ஊரும் ஆலங்கழி ஆகிவிட்டது. லாரி எங்கெல்லாம் போயிற்று என்று நினைத்துப் பார்த்தார். பாதியில் நினைப்பை நிறுத்திவிட்டார்.

"மாத்து இருக்குங்களா சார்?" என்றாள் சிவகாமி.

"இப்ப இல்லீங்க" என்றார். "தேடணும். நான் எங்கயும் போகல. இங்கயே உக்காந்து தேடுறேன்." சொன்ன பிறகுதான் அதை முடிவு செய்துவிட்டது தெரிந்தது. தையல் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

வேதாம்பாள் அவருக்கும் ஓர் இலை போட்டாள். "இன்னக்கி ஒரு நாளாவது ஒரு பிடி சாப்பிடுங்க சார். இனிமே என்ன இருக்கு?"

உத்திராபதி உட்கார்ந்தார். இலையைக் கையால் மறைத்தார். "வேணாம்மா. எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டோம்னா, கதவைத் தெறக்க வெளிய ஒருத்தன் வேணும்ல? சரியான ருசி எதுன்னு சொல்ல ஒரு நாக்காவது மிஞ்சணும். நான் சாகுறமட்டும் கேவுரு தின்னே இருந்துர்றேன்." இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே இதுதான் நல்ல பேச்சு என்று அவருக்கே தோன்றியது. கூடத்தில் எல்லோரும் உருகிப்போயிருந்தார்கள். "எனக்கு மோர் மட்டும் குடுங்க, போதும்."

தையல் சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதியில் நிறுத்தினார்.

"உப்புப் போட மறந்துட்டியாம்மா?"

தையல் அம்மாவைப் பார்த்தாள். வேதாம்பாள் காலையில் கரண்டி பிடித்த தன் கையைப் பார்த்தாள்.

"போட்டேன் சார்" என்றாள் தையல் மெதுவாக. "காலையில போட்ட மாதிரியேதான்."

கொல்லையில் மாடு வைக்கோலை இழுத்து மெல்லுகிற சத்தம் கேட்டது. உத்திராபதி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாமி, யாரும் கேட்காமலே, தரையில் கிடந்த டப்பாவை எடுத்துத் துடைத்து, அவருடைய இலைப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.